உன் நாற்காலிக்குப் பின்னால் இருக்கும் பீரோ

மகனே,

அடுத்த அறையில் நீ சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறாய். கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இருக்கிற பிள்ளைக்குக் கடிதம் எழுதுவது கொஞ்சம் கிறுக்குத்தனம்தான். ஆனால் நேரில் ஆரம்பித்தால் நான் ஒரு கேள்வி கேட்பேன், நீ ஒரு பெருமூச்சு விடுவாய், உன் அம்மா நடுவில் வந்து காப்பி டம்ளரை வைப்பாள், காப்பி சூடாகவே இருக்கும், பேச்சுதான் ஆறிப்போகும். காகிதத்தில் யாரும் குறுக்கே வர முடியாது. திங்கட்கிழமை காலை நீ அந்த நாற்காலியில் உட்காருவதற்கு முன்னால் இதைப் படித்துவிடு. உட்காராதே என்று சொல்ல இதை எழுதவில்லை. எதன் மேல் உட்காரப் போகிறாய் என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ அந்தச் செய்தியோடு வந்தபோது வீடே சந்தோஷப்பட்டது. உன் அம்மா கேசரி கிண்டினாள். பைபாஸ் ரோட்டில் கண்ணாடி வைத்த ஆபீஸ், குளிர்சாதன அறை, சுழல் நாற்காலி, ஒரு வாரப் பயிற்சி முடிந்ததும் ஆள் எடுக்கும் அதிகாரி. நான்தான் கேசரித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "என்னப்பா விக்கிறாங்க?" என்று கேட்டேன். "வீட்டுச் சாமான்தான். ஆனா நான் விக்கப் போகலப்பா. விக்கிற பசங்களைச் சேர்க்கப் போறேன்" என்றாய். "சேருற பசங்க சர்ட்டிபிகேட்டு எங்க இருக்கும்?" என்றேன். "ஒரிஜினல் கம்பெனி லாக்கர்ல இருக்கும். பாலிசிப்பா அது." "எப்பத் திருப்பித் தருவீங்க?" "அதெல்லாம் தருவாங்கப்பா." தருவோம் என்று உன் வாயில் வரவில்லை, தருவாங்க என்றுதான் வந்தது. அதையும் நான் சொல்லிக் காட்டினேன். நீ தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனாய். உன் அம்மா என்னைப் பார்த்து, "வாய்ல கேசரி இருக்கும்போதாவது உங்க சந்தேகத்துக்கு லீவு விடக் கூடாதா?" என்றாள். அவள் கேட்டது நியாயம்தான். பால்காரனையும் ஜோசியக்காரனையும் ஒரே பார்வையில் பார்க்கிறவன் நான். வாசலில் யாராவது சிரித்துக்கொண்டே நின்றால் முதலில் அவன் கையில் இருக்கும் பையைத்தான் பார்ப்பேன். இது எனக்குப் பிறவிக் குணம் என்று நீங்கள் எல்லாரும் முடிவு கட்டிவிட்டீர்கள். இல்லை. இந்தச் சந்தேகத்துக்குப் பிறந்த ஊர் உண்டு. மதுரை தல்லாகுளத்தில் ஒரு மாடி.

எண்பதுகளின் தொடக்கம் அது. எனக்குப் பதினெட்டு வயது. எங்கள் ஊர் சமயநல்லூரில் என் வாயைத் தெரியாதவர்கள் குறைவு. கல்யாண வீட்டு மைக் செட்டைப் பிடித்து, "ரெண்டாவது தடவை பந்தியில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் உடனே எழுந்து வரவும்" என்று அறிவித்துவிட்டு, யார் யார் எழுந்தார்கள் என்று பார்த்து வைத்துக்கொண்டவன் நான். எழுந்தவர்களில் எங்கள் வாத்தியாரும் ஒருவர். அப்படியும் எஸ்.எஸ்.எல்.சி. தேறிவிட்டேன் என்பதில் எனக்கே கொஞ்சம் சந்தேகம் இருந்தது. அந்தக் காலத்தில் எஸ்.எஸ்.எல்.சி. என்றால் தாள் இல்லை, புத்தகம். மதிப்பெண், பிறந்த தேதி, அங்க அடையாளம் எல்லாம் அதில்தான். எங்கள் வீட்டில் பத்திரம் வைக்கிற தகரப் பெட்டியில், நிலப் பத்திரத்துக்கு மேலே அதை வைத்திருந்தார் என் அப்பா. நிலத்துக்கு மேலே என் படிப்பு இருந்தது அந்த ஒரு இடத்தில்தான்.

எங்கள் ஊர் பஸ் ஸ்டாப்பில் செல்லத்துரை அண்ணே என்று ஒருவர் நிற்பார். தெருவில் எனக்கு மூத்தவர், மதுரையில் கம்பெனி வேலை, கழுத்தில் டை. சமயநல்லூரில் அப்போது டை கட்டியிருந்தது அவர் ஒருவர்தான், வெயிலில் அதை அவிழ்க்காமல் நின்றதும் அவர்தான். ஒருநாள் எனக்கு டீ வாங்கிக் கொடுத்து, பேப்பரில் இருந்து கத்தரித்த விளம்பரத்தைக் காட்டினார். அலுவலக நிர்வாகப் பயிற்சிக்கு இளைஞர்கள் தேவை, அனுபவம் தேவையில்லை. அனுபவம் தேவையில்லை என்று எங்கே போட்டிருந்தாலும் அது அங்கேதான் கிடைக்கும் என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது. "உன் வாய்க்கு நீயெல்லாம் ஒரு வருஷத்துல மேனேஜர்டா" என்றார். "அண்ணே, வாய்க்கு வேலையா, கைக்கு வேலையா?" என்றேன். "போய்ப் பாரு, உனக்கே புரியும்" என்று சொல்லித் தன் டையையே அவிழ்த்து என் கழுத்தில் மாட்டிவிட்டார். அதை எனக்குக் கட்டத் தெரியாது என்று முடிச்சோடவே கொடுத்தார். இம்புட்டுப் பாசமாக ஒருவர் நம்மை எங்கேயாவது அனுப்பினால் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும். நான் கேட்கவில்லை.

தல்லாகுளத்தில் கோர்ட்டுக்குப் போகிற பாதையில், டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுக்கு மேல் மாடி. கீழே இருபது மெஷின் தட்டும் சத்தம் மேலே கேட்டுக்கொண்டே இருக்கும். பெரிய ஆபீசுக்குள் வந்துவிட்டோம் என்று நமக்கே ஒரு மிதப்பு வரும். அந்தச் சத்தத்துக்காகத்தான் அந்த இடத்தைப் பிடித்திருக்கிறார்கள் என்று அங்கே எனக்குக் கூட்டாளியான துளசி சொல்வான். மேலே ஒரு மேஜை, மேஜைக்குப் பின்னால் எங்கள் சார், சாருக்குப் பின்னால் ஒரு பச்சை பீரோ. சார் வெள்ளைச் சட்டை, வாசனை பவுடர், மெதுவான பேச்சு. "தம்பி, இதை வேலைன்னு நினைக்காதீங்க. வாழ்க்கைன்னு நினைங்க" என்றார். சம்பளத்தைப் பற்றிப் பேச விருப்பமில்லாதவர்கள்தான் வாழ்க்கையைப் பற்றிப் பேசுவார்கள். "சரக்கெல்லாம் உங்களை நம்பிக் குடுக்குறோம். பாதுகாப்புக்கு உங்க எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் எங்ககிட்ட இருக்கட்டும்" என்று வாங்கி, அட்டையைத் துடைத்து, பீரோவைத் திறந்து உள்ளே வைத்துப் பூட்டினார். நம் புத்தகத்தை இவ்வளவு மரியாதையாக எங்கள் வாத்தியார்கூடத் தொட்டதில்லையே என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது, போ.

மறுநாள் காலையில் வேலை என்ன என்று தெரிந்தது. ஒரு தோள்பை, அதற்குள் துணி துவைக்கிற பவுடர் பாக்கெட்டுகள், ரெண்டு வாங்கினால் ஒரு பிளாஸ்டிக் மக்கு இலவசம். "ஆபீஸ் வேலைன்னு போட்டிருந்துச்சே சார்?" என்றேன். "ஆபீஸ்தான். முதல்ல ஃபீல்டு. ஃபீல்டு தெரியாதவனுக்கு ஆபீஸ் தெரியாது" என்றார். வீட்டில் போய் ஃபீல்டு வேலை என்று சொன்னதும் என் அப்பா, "ஃபீல்டுன்னா வயல்தானடா? நம்ம வயல்ல களை மண்டிக் கெடக்கு. இதுக்கு ஏன் டையைக் கட்டிக்கிட்டு தல்லாகுளம் போற?" என்றார். விற்பனைப் பிரதிநிதி என்று எங்களுக்குப் பெயர். எங்களை மாதிரியே இன்னொரு பிரதியைக் கொண்டுவந்து விட்டால் சாருக்கு நிதி என்பது பிற்பாடுதான் விளங்கியது. சம்பளம் கமிஷன் அடிப்படை. அதில் அடி எங்களுக்கு, படை நாய்ப்படை. ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும், பவுடர் நல்ல பவுடர். வெளுத்தது. அதில் யாரும் ஏமாறவில்லை. ஏமாந்தது பையைத் தூக்கியவர்கள் மட்டும்தான்.

எப்படி விற்பது என்று சார் ஒரு பாடம் நடத்துவார். பவுடரைப் பற்றிப் பேசவே கூடாது. முறை சொல்லிப் பேச வேண்டும். ஊருக்குள் நுழைந்ததும் பெட்டிக்கடையில் ஒரு சோடா குடித்துக்கொண்டே எந்த வீடு யாருடையது, அந்த அம்மா எந்த ஊரிலிருந்து வாக்கப்பட்டு வந்தவர் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பிறகு வாசலில் நின்று, அத்தை, தண்ணி குடுங்க என்று ஆரம்பிக்க வேண்டும். "சித்தப்பா, பெரியப்பான்னு போகாதீங்க. பங்காளின்னு நினைச்சா பங்கு கேக்க வந்துட்டான்னு கதவைச் சாத்துவாங்க. அத்தைன்னு கூப்பிடுங்க. மருமகனேன்னு ஒருத்தி சொல்லிட்டா, அதுக்கப்புறம் அவளால உங்களை வெளிய அனுப்ப முடியாது." இதுதான் பாடம். துளசிக்கு இந்தப் பாடம்கூடத் தேவைப்படவில்லை. அவன் வீட்டில் சௌராஷ்டிரா பேசுகிறவன். அந்தப் பாஷை பேசுகிற தெருக்களாகப் பார்த்து அவனை அனுப்பினார் சார். "நம்ம பாஷையில ரெண்டு வார்த்தை பேசுனதும் நடுவீட்டுல பாய் போடுறாங்கடா. எங்க அம்மா எனக்குக் கத்துக்குடுத்த பாஷையை இவரு பவுடருக்கு மூடியா போட்டு விக்கிறாரு" என்று ஒருநாள் பஸ்ஸில் சொன்னான். நான் அதையும் ஒரு சிரிப்பாக்கிக் கடந்துவிட்டேன். எனக்குத் தொழில் பிடித்துப்போயிருந்தது. பேர் எதுவும் நாம் சொல்லக் கூடாது, அவர்களே சொல்லும்வரை காத்திருந்து, சொன்னதும் தலையாட்ட வேண்டும். அதில் நான் கெட்டிக்காரனாக இருந்தேன்.

அப்படித்தான் திருவாதவூரில் ஒரு வீட்டுக்குள் நுழைந்தேன். "அத்தை, என்னைத் தெரியலையா? சமயநல்லூர்ல இருந்து வாரேன். அப்பா எப்பவும் உங்களையே சொல்லிக்கிட்டு இருப்பாரு" என்றேன். அந்த அம்மா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "யாரு, சோணமுத்து மகனா?" என்றார். நான் தலையைக் குனிந்து சிரித்தேன். அம்புட்டுத்தான். "அட என் மருமகனே, அம்புட்டுச் சின்னதுல பாத்தது" என்று சொம்பில் மோர் வந்தது. அடுப்பங்கரை வாசலில் அவர் மகள் செல்வி நின்றுகொண்டிருந்தாள். என் வயசுதான் இருக்கும். அவசரப்படாதே, இது உன் அம்மா இல்லை. இந்தக் கடிதத்தை உன் அம்மாவும் படிப்பாள் என்பதால் தெளிவாகவே சொல்லிவிடுகிறேன்.

செல்வி பவுடரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். "அப்ப வாடிப்பட்டி புல்லட் பெரியப்பா உங்களுக்குப் பெரியப்பாதான?" என்றாள். "பின்ன?" என்றேன். "எப்படியிருக்காரு?" "அவருக்கென்ன, நல்லாருக்காரு. வண்டிதான் கிக்கர் ஒடஞ்சு கெடக்கு." "வண்டியை வித்துட்டாருன்னு சொன்னாகளே?" "வித்தாரு. மனசு கேக்காம அதையே திருப்பி வாங்கிட்டாரு." அவள் அம்மா, "பாரு, அந்த வண்டி மேல அவருக்கு அம்புட்டு ஆசை" என்று தலையாட்டினார். சோணமுத்து வகையில் யாரோ ஒருவர் என்று நினைத்துக்கொண்டார், மகள் அளந்துவிட்ட கதைக்குத் தானும் ஒரு வரி சேர்க்கிறோம் என்று அவருக்குத் தெரியாது. பத்து பாக்கெட் வாங்கினார். பஸ்ஸுக்கு நிற்கும்போது செல்வி தண்ணிக் குடத்தோடு அந்தப் பக்கமாக வந்தாள். நிற்காமல் நடந்துகொண்டே, "வாடிப்பட்டியில புல்லட்டும் இல்ல, பெரியப்பாவும் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஊர் முழுக்க மற்றவர்களை மடக்கிப் பழகியவனுக்கு அன்று பஸ் கிடைத்தும் ஏறத் தோன்றவில்லை. ஆனால் அவள் வீட்டில் சொல்லவில்லை. அடுத்த முறை நான் போனபோது மோர் வந்தது, சோறும் வந்தது. "ஏன் சொல்லல?" என்று தனியாகக் கேட்டேன். "எங்க அம்மா ஒருத்தனை மருமகனேன்னு கூப்பிட்டு சோறு போட்டுருச்சு. அது பொய்யின்னு சொன்னா உங்களுக்கு ஒண்ணும் இல்ல, பஸ் ஏறிருவீக. தெருவுல சிரிப்பாங்க பாருங்க, அது எங்க அம்மாவைத்தான்" என்றாள். அவளுக்கு முருகன் என்று ஒரு தம்பி. அந்த வருஷம்தான் எஸ்.எஸ்.எல்.சி. தேறியிருந்தான். என் டையைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பான். "மச்சான், எனக்கும் அந்த ஆபீஸ்ல ஒரு வேலை வாங்கிக் குடுங்க" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பான். நான் செல்லத்துரை அண்ணே மாதிரியே அவன் தோளில் தட்டிவிட்டு வருவேன்.

இந்த நேரத்தில்தான் எனக்கு ஒரு பஞ்சாலையில் தொழில் பழகுநர் தேர்வுக்குக் கூப்பிட்டுக் கார்டு வந்தது. எழுதிப் போட்டதையே மறந்திருந்தேன். அசல் சான்றிதழோடு வரவும் என்று போட்டிருந்தது. என் அப்பா அந்தக் கார்டை மூன்று பேரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டார், நான் படித்துக் காட்டியதில் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. மறுநாளே சாரிடம் போய், "சார், புத்தகம் வேணும்" என்றேன். சாருக்குக் கோபமே வரவில்லை. "தாராளமா எடுத்துக்கலாம் தம்பி. உங்களுக்குப் பதிலா ஒரு ஆளைக் கொண்டு வாங்க. அவர் புத்தகம் உள்ள போகட்டும், உங்க புத்தகம் வெளிய வரட்டும்" என்றார். "ஆள் இல்லாம வராதா சார்?" என்றேன். "சரக்கு நிக்கக் கூடாதுல்ல" என்று சிரித்தார்.

கீழே டைப்ரைட்டிங் சத்தத்தில் துளசியிடம் இதைச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. "இப்பத்தான் உனக்குத் தெரியுமா?" என்றான். பிறகு, "நீ யாருக்குப் பதிலா வந்த?" என்று கேட்டான். எனக்கு முதலில் புரியவில்லை. "யாராவது அனுப்பிச்சுத்தான வந்த? அன்னிலருந்து அவரு இங்க வர்றாரா?" என்றான். வரவில்லை. செல்லத்துரை அண்ணேயை நான் அந்த மாடியில் ஒருநாள்கூடப் பார்த்ததில்லை. பஸ் ஸ்டாப்பில் அவர் கழுத்தில் டையும் இல்லை, அதுதான் என் கழுத்தில் இருந்ததே. அவர் அப்போது ஒரு லாரி ஷெட்டில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். நேராக அங்கே போய், "அண்ணே, உங்க புத்தகம் உங்ககிட்ட வந்துருச்சா?" என்று மட்டும் கேட்டேன். அவர் பேனாவை மூடினார். "நீ வாயாடிடா. எப்படியாவது தப்பிச்சுக்குவன்னு நினைச்சேன்" என்றார். "எனக்குத் தங்கச்சி கல்யாணம் இருந்துச்சுடா. இந்த வேலைக்குப் புத்தகம் கேட்டாக." அவரைத் திட்ட நிறைய வார்த்தைகள் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். ஒன்றையும் செலவழிக்க முடியவில்லை. அவர் என்னை ஏமாற்ற நினைத்து டீ வாங்கித் தரவில்லை. நிஜமாகவே என்னைப் பிடித்திருந்ததால்தான் என் பெயர் அவருக்கு ஞாபகம் வந்திருக்கிறது. பிடிக்காதவனை எப்படி நம்பவைப்பது? அந்த பீரோ அப்படித்தான் நிரம்பியது. தெரிந்தவன் தெரிந்தவனைக் கொண்டுவந்து விட்டான். அன்றிலிருந்து, என்னிடம் வலிய வந்து நல்ல செய்தி சொல்கிறவரைப் பார்த்தால், இவர் எதை மீட்கப் போகிறார் என்றுதான் முதலில் நினைப்பேன். இது நல்ல குணம் இல்லை. ஆனால் எனக்கு வேறு குணம் மிஞ்சவில்லை.

எனக்கு ஞாபகம் வந்த பெயர் எது என்று உனக்குத் தெரிந்திருக்கும். முருகனை வரச் சொன்னேன். உண்மையைச் சொல்கிறேன், தேர்வு நாள் நெருங்க நெருங்க அவன் முகம் எனக்கு ஒரு சாவி மாதிரித்தான் தெரிந்தது. எண்ணெய் தேய்த்துத் தலை வாரி, மஞ்சப் பைக்குள் புத்தகத்தை வைத்துக்கொண்டு தல்லாகுளத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினான். பின்னாலேயே செல்வியும் இறங்கினாள். "ஆஸ்பத்திரிக்குப் போறேன்னு அம்மாகிட்டச் சொல்லிட்டு வந்தேன்" என்றாள். "யாருக்கு என்ன?" என்றேன். "உங்களுக்குத்தான். நாக்குல ஏதோ கோளாறு, உண்மை வர மாட்டேங்குது" என்றாள்.

மாடிப்படிக்குக் கீழே நின்றோம். முருகன் ரெண்டு படி ஏறிவிட்டான். செல்வி அவன் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு என்னைக் கேட்டாள். "மேல போறது இவனும் புத்தகமும். திரும்பி வர்றது?" எனக்கு எத்தனையோ பதில் இருந்தது. அந்தப் புல்லட் பெரியப்பாவையே உயிரோடு வைத்திருந்தவன் நான், ஒரு பீரோவுக்கா கதை கட்டத் தெரியாது? "மருமகன்னு சோறு தின்னுருக்கீக. அதுக்காகக் கேக்கல. சும்மா தெரிஞ்சுக்கக் கேக்குறேன்" என்றாள். மேலே சார் யாருடனோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தது கேட்டது. "இவன் வருவான். புத்தகம் வராது" என்றேன். "அப்ப வர்றது யாரு புத்தகம்?" "என்னுது." முருகன் படியிலேயே நின்றான். "பரவால்ல மச்சான், நான் வேற ஆளைச் சேர்த்து எடுத்துக்குவேன்ல?" என்று அவசரமாகச் சொன்னான். என்னை நிறுத்தியது அந்தப் பேச்சுதான். மாடிக்கே இன்னும் போகவில்லை, அதற்குள் அவன் யாரையோ நினைத்துவிட்டான். அவன் பையைப் பிடுங்கி செல்வி கையில் கொடுத்து, எதிரே வந்த பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தினேன். அவள் ஏறும்போது, "பெரியப்பாவைக் கேட்டதாச் சொல்லுங்க" என்றாள். அதன் பிறகு நான் திருவாதவூர்ப் பக்கம் போனதில்லை. போனால் அந்த அம்மாவை என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது?

புத்தகம் இல்லாமலே அந்த ஆலைக்குப் போனேன். தேர்வு எழுத விட்டார்கள், அசல் இல்லை என்றதும் பெயரை அடித்தார்கள். அந்த இடம் வேறு ஒருவனுக்குப் போயிற்று. என் அப்பா தகரப் பெட்டியைப் பூட்டாமல் விட்டுவிட்டார், அவ்வளவுதான். சில வாரம் கழித்து ஒரு காலையில் தல்லாகுளத்து மாடி திறந்து கிடந்தது. மேஜை இருந்தது. பவுடர் மூட்டைகள் அடுக்கினபடி இருந்தன, இலவச மக்குகள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கூரை வரைக்கும் இருந்தன. சாரைக் காணோம். பீரோ இருந்த இடத்தில் தரையில் நாலு கால் தடம் மட்டும் இருந்தது. சரக்கை விட்டுவிட்டு பீரோவைத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். துளசிதான் அதைப் பார்த்து, "இப்பத் தெரியுதாடா இவங்களுக்கு எது சரக்குன்னு?" என்றான். போலீஸ் ஸ்டேஷன், கல்வி ஆபீஸ், மறுபடியும் போலீஸ் ஸ்டேஷன் என்று அலைந்து மாற்றுப் புத்தகம் வாங்குவதற்குள் வருஷங்கள் ஓடி, எனக்குப் பழகுநராகச் சேரும் வயதே தாண்டிவிட்டது. நான் எரிந்துபோன மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டப் பழகி, நீ பார்த்து வளர்ந்த இந்தக் கடையை வைத்தது அப்படித்தான். கடையைப் பற்றி எனக்குக் குறை இல்லை. ஆனால் நானாகத் தேர்ந்தெடுத்தது என்று உன்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறேன் அல்லவா, அதை இப்போது திருத்திக்கொள்.

இனி உன் விஷயத்துக்கு வருகிறேன். நீ கெட்டவன் இல்லை. எங்கள் சாரும் ஒருநாள் அந்த மேஜைக்கு எதிர்ப்பக்கம் நின்றவராகத்தான் இருப்பார் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு, அவர் புத்தகம் எந்த ஊர் பீரோவில் கிடந்ததோ. உன் கம்பெனி அப்படி இல்லை, இது வேறு காலம், ரசீது தருகிறார்கள் என்று நீ சொல்வாய். இருக்கலாம். சந்தேகத்தை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளையின் வேலையைக் கெடுக்கக் கூடாது என்று எனக்கும் தெரியும். அதனால் விசாரித்துவிடலாம் என்று நினைத்தேன். பெரியார் பஸ் ஸ்டாண்ட் பக்கம் கம்பத்துக்குக் கம்பம் உங்கள் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. ஆபீஸ் வேலை, அனுபவம் தேவையில்லை, கீழே ஒரு நம்பர். நேற்று வெள்ளிக்கிழமை மத்தியானம் பக்கத்து மெடிக்கல் ஷாப் போனை வாங்கி, வாயில் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, மேக்குச் சீமைக் கிழவன் குரலில் அந்த நம்பருக்குப் பேசினேன். இந்த வயதிலும் குரல் மாற்றுவது எனக்குப் பழுதில்லாமல் வருகிறது.

"வணக்கம்யா, சொல்லுங்கய்யா" என்று எடுத்தது நீ.

வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். கை வைக்கவில்லை. "தம்பி, எம் பையனுக்கு வேலை கேட்டுப் பேசுறேன். ஆபீஸ் வேலைன்னு போட்டிருக்கீக, ஆபீஸ்தானா?" என்றேன். "ஆபீஸ்தாங்கய்யா. ஆரம்பத்துல கொஞ்சம் ஃபீல்டு இருக்கும்." "கொஞ்சம்னா எம்புட்டு?" "அது பையனோட திறமையைப் பொறுத்துங்கய்யா." "சர்ட்டிபிகேட்டக் குடுக்கணும்கிறாகளே. திரும்ப வந்துருமா தம்பி? எனக்கு இருக்கிறது ஒரே பிள்ளை." கொஞ்ச நேரம் உன் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. அந்தக் கொஞ்ச நேரம் நீ எதையோ யோசிக்கிறாய் என்று நான் நம்பினேன். பிறகு, "நீங்க எனக்கு அப்பா மாதிரிங்கய்யா. உங்ககிட்டப் பொய் சொல்வேனா?" என்றாய். பயிற்சியில் சொல்லிக் கொடுத்ததை ஒரே வாரத்தில் நன்றாகவே படித்திருக்கிறாய். குரலில் ஒரு பிசிறு இல்லை. "பையன் பேரு சொல்லுங்கய்யா, எழுதிக்கிறேன்" என்றாய்.

நான் உன் பெயரைச் சொன்னேன்.

நீ சிரித்தாய். "பாருங்கய்யா, எம் பேருதான் அதுவும். அப்ப நானும் உங்க பையன்தான். தைரியமா அனுப்பி வைங்க. திங்கக்கிழமை காலைல பத்து மணிக்கு, ஒரிஜினலோட."

சரிப்பா, அனுப்புறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். சொன்னால் சொன்னதுதான். திங்கட்கிழமை பத்து மணிக்கு, எந்த வீட்டுப் பிள்ளை முகத்தோடு வந்தாலும், உன் பெயருள்ள அவன்தான் உன் மேஜைக்கு எதிரே வந்து நிற்பான். அவனைச் சேர்த்துக்கொள்வதும், கையோடு திருப்பி அனுப்புவதும் உன் பாடு.

இப்படிக்கு,
உனக்கு அப்பா மாதிரி இல்லை, உன் அப்பாவேதான்.